ஏரி மிருகமும் எங்கள் சேஃப்டி சாரும்

தலையில் மஞ்சள் ஹெல்மெட், உடம்பில் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், கையில் ஒரு சுருள் கயிறு. இந்தக் கோலத்தில் எங்கள் கம்பெனி சேஃப்டி சார் ஒரு தெர்மாகோல் தெப்பத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மீன் பிடிக்கிறவர் ஒருவர் பின்னால் இருந்து துடுப்புப் போட்டார். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரி நிறைந்து கிடந்தது. கயிற்றின் நுனியில் லாரிச் சக்கரத்து நட்டு ஒன்று கட்டியிருந்தது. அடிக்கு ஒரு முடிச்சு. சார் நட்டைத் தண்ணீரில் விடுவார், தரை தட்டியதும் முடிச்சுகளை எண்ணுவார், பாலித்தீன் உறைக்குள் வைத்திருந்த தாளில் குறித்துக்கொள்வார், தெப்பம் கொஞ்சம் நகரும், மறுபடி நட்டை விடுவார். கரையில் ஒரு கூட்டமே நின்று செல்போனில் படம் பிடித்தது. "சார், தூண்டில்ல கோழி மாட்டலயா?" என்று ஒருவன் கத்தினான். கரையே சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது, 'மிருகத்தைத் தேடி வந்த கம்பெனி விஞ்ஞானி' என்ற தலைப்போடு. நானும் அந்தக் கரையில்தான் நின்றிருந்தேன். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சிரித்தேன்.

ஒரகடம் பக்கத்தில் ஓர் ஏரியில் மிருகம் இருக்கிறது என்று நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். கறுப்பு நிறம், பஸ் நீளம், முதுகில் வரிசையாகத் திமில். முன்னூறு வருஷமாக அங்கேதான் இருக்கிறதாம். பல்லவர் காலத்திலேயே இருந்ததாம் என்று ஒரு சேனல்காரன் கூசாமல் சொன்னான். நான் வாலாஜாபாத் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் அந்த ஏரியைப் பற்றிக் கேட்டதெல்லாம் கெண்டை, விரால், கெளுத்தி, அவ்வளவுதான். அந்த மிருகத்தின் வயது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அது பிறந்தது இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில். அதைப் பெற்றவன் நான்.

அன்று காலை ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் படப்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரை வளைவில் டிராஃபிக்கில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சீமைக்கருவேலப் புதருக்கு அப்பால் தண்ணீரில் கறுப்பாக என்னமோ நெளிந்தது. செல்லை எடுத்தேன். நாற்பது வினாடி வீடியோ. முதல் பதினொரு வினாடிகளில் அந்த நெளிவு மட்டும்தான். பிறகு பஸ் நகர்கிறது, புதர் விலகுகிறது, விஷயம் தெரிந்துவிடுகிறது: கரையோரம் ஒரு டீசல் மோட்டார், அதிலிருந்து போகும் தடித்த கறுப்பு ஓஸ் பைப்பு, பைப்பு மிதப்பதற்காக வரிசையாகக் கட்டிய தார் டிரம்கள், பக்கத்தில் பொக்லைன், மண் ஏற்றிக்கொண்டு நிற்கும் டிப்பர் லாரிகள். ஏரிக்குள் தோண்டிய பள்ளத்தில் ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டு, மேலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் இழுக்க இழுக்கப் பைப்பு துள்ளியது. டிரம்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி அமிழ்ந்தன.

நான் பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவன். கார் கதவில் கடுகில் பாதி அளவு தூசி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்து வட்டம் போடுவேன். அந்தக் கண்ணுக்குப் பைப்பும் டிரம்மும் தெரியாமலா போகும்? தெரிந்தேதான் மிச்ச இருபத்தொன்பது வினாடியை வெட்டினேன். 'நம்ம ஏரில டைனோசர் மச்சி' என்று எழுதி எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் வெளியே போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த என் மச்சானுக்கு அது யார் யார் வழியாகவோ சுற்றிவந்து, 'பாத்தியா, உங்க பக்கம் தான்' என்று எனக்கே திரும்பி வந்தது.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நினைத்தால் இன்னும் எனக்கு எரிகிறது. சேனல்காரர்கள் டிரோன் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராவை வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். உரித்த கோழியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். தலைக்கு மேல் கரையில் நூறு டிப்பர் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது, ஒருவனுடைய கேமராவாவது அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே! மண் எடுத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆடு மாடு ஓட்டிவருபவர்களும், குளிக்க வருபவர்களும் அந்த மூலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மண் எடுத்தவர்களுடைய வாட்ச்மேனே கதைக்குக் கை கால் வைத்தான். நேற்று கூட ஒரு கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போனது என்று கேமரா முன்னால் சத்தியம் செய்தான். மிருகத்தின் காவலில், ஆடி மாதம் வரை நிம்மதியாகத் தோண்டினார்கள். படப்பையைச் சுற்றி எத்தனை மனைப்பிரிவுகளில் அந்த ஏரியின் மண் மேடாகக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிறைந்தது. எங்கள் கம்பெனி பாடி ஷாப்பில் வெல்டிங் லைனில் வேலை பார்த்த ஒரு தம்பி, அந்த ஏரிக்கரை ஊர்க்காரன், லீவு நாளில் வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். மிருகக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் அவன் ஒருவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கால் வைத்த ஏரி. எந்த இடத்தில் முழங்கால், எந்த இடத்தில் இடுப்பு என்று அவன் காலுக்கே தெரியும். கோடையில் காலை ஷிஃப்டு, மாலை ஷிஃப்டு, ஓட்டி என்கிற ஓவர்டைம் என்று ஓடிக்கொண்டிருந்தவன் ஏரிக்குள் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைத்த காலுக்குக் கீழே தரை இல்லை. மறுநாள் தீயணைப்புக்காரர்கள்தான் எடுத்தார்கள். காதிலும் விரல் நுனிகளிலும் சின்னச் சின்னக் காயங்கள் இருந்தன. ஒரு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பை மீன் கொத்தாமல் இருக்குமா? அந்தக் காயத்தைப் பெரிதாக்கிப் போட்டு, 'மிருகத்தின் முதல் பலி' என்று எழுதினான் ஒரு புண்ணியவான்.

அவனுடைய அக்கா எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருந்தவள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனை ஆளாக்கியது அவள்தான். நான் அவளிடம் தினமும் சாப்பிடுகிறவன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தபோது, வண்டிக் கண்ணாடியில் தம்பியின் கம்பெனி ஐடி கார்டு போட்டோவை ஒட்டியிருந்தாள். யார் துக்கம் கேட்டாலும் ஒரே பதில்தான். "அது இட்டுகினு போயிட்ச்சிபா."

இந்த இடத்தில்தான் சேஃப்டி சார் வருகிறார். தூத்துக்குடிக்காரர். எங்கள் யாருக்கும் அவரைப் பிடிக்காது. கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினால் திரும்ப ஏறி இறங்கச் சொல்வார். தரையில் இரண்டு சொட்டு எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சள் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு லைனையே நிறுத்துவார். அதனால் 'டேப் சார்' என்று பெயர். ஒருவன் விரலில் கீறல் பட்டால் அவன் வீட்டில் முதல்நாள் என்ன சண்டை என்பது வரை விசாரிப்பார். விபத்து என்று ஒன்று நடந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிற முறை. நாங்கள் எல்லாரும் ஆடிட்டுக்காகக் கட்டங்களை நிரப்புவோம். அவர் மட்டும் உண்மையாகவே கேட்பார்.

அந்தத் தம்பியின் சாவுக்கும் அவர் ஐந்து ஏன் போட்டார். "இது நம்ம காம்பவுண்டுக்கு வெளிய நடந்தது, உங்க வேல இல்ல" என்று மேலே உள்ளவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. லீவு நாளில், சொந்தக் காசில் தெப்பம் பேசி, கயிற்றை விட்டு அளந்தார். சுற்றிலும் மூன்று முடிச்சு, நான்கு முடிச்சு. அந்த ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று இருபத்தாறு. அளந்த மறுநாள் என்னிடம் வந்தார். கேன்டீனில் எதிரில் உட்கார்ந்து தாளைப் பிரித்து வைத்தார். ஏன் இறந்தான்? மூழ்கினான். ஏன் மூழ்கினான்? காலுக்கடியில் பள்ளம். ஏன் பள்ளம்? மண் எடுத்தார்கள். தோண்டும்போது ஏன் யாரும் கேட்கவில்லை? மிருகம் என்று பயந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. ஏன் மிருகம் என்று நம்பினார்கள்?

"அந்த வீடியோ நீங்க எடுத்ததுன்னு சொல்லுதாவ. முழுசும் இருந்தா தாங்க. நெளியுதது என்னன்னு பாத்துட்டா போதும்" என்றார்.

"அவ்ளோதான் சார் எடுத்தது. அதுவும் போன் மாத்துனப்போ அழிஞ்சி போச்சி" என்றேன்.

அந்தச் செல் அப்போது என் சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. ஏன் பொய் சொன்னேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மண் எடுத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை, அந்தப் பயம் உண்டு. அதைவிட, நான் வெட்டிப் போட்ட பதினொரு வினாடியால் ஒருத்தன் செத்தான் என்று ஊர் சொல்லும் என்ற பயம். எல்லாவற்றையும்விடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு: மிருகத்தை முதலில் படம் பிடித்தவன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பேர் இருந்தது. டீ இடைவேளையில் புதுப் பையன்களிடம் அதைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. சார் பேனாவை மூடினார். பிறகு தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கட்டத்தில் அவர் எதையும் எழுதவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும் பள்ளத்தைப் படம் எடுக்கப் போனார். களிமண் சுவரில் மேலிருந்து கீழாக ஐந்தைந்தாகக் கீறல்கள் இருந்தன, பொக்லைன் பக்கெட்டின் பற்கள் இறங்கிய தடம். பக்கத்தில் அளவு டேப்பை விரித்துவைத்து, ஒரே சீரான இடைவெளி என்று நிரூபிக்கும்படி எடுத்தார். இதைவிடச் சாட்சி வேண்டுமா? படங்களைக் கூகுள் மேப்பில் இடம் குறித்து, விளக்கம் எழுதி, எல்லாச் சேனலுக்கும் அனுப்பினார். ஒரே ஒரு சேனல் போட்டது. அளவு டேப்பை வெட்டிவிட்டு, கீறல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னால் திகில் இசை வைத்து, 'கிடைத்தது ஆதாரம்! ஏரி மிருகத்தின் பல் தடம்!' என்று. ஒரு மனிதனுக்கு இதைவிட அக்கிரமம் செய்ய முடியுமா? நான் வெட்டியதைப் போலவே அவர்களும் வெட்டினார்கள். யாரைத் திட்டினாலும் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்பதுதான் இதில் இருக்கிற தொல்லை.

சார் விடவில்லை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனார். அடுத்த மழைக்குள் பள்ளத்தை மூட வேண்டும், முடியாவிட்டால் சுற்றி வேலியாவது போட வேண்டும், இன்னொருத்தன் அதில் கால் வைப்பான் என்று எழுதிக் கொடுத்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவர் முகவரியைப் பார்த்துவிட்டு, நீங்கள் யார், எந்த ஊர், உங்களுக்கு என்ன சம்பந்தம், செத்தவன் வீட்டு ஆள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேராக அக்காவிடம் வந்தார். நான் அப்போது கடையில் தட்டோடு நின்றிருந்தேன்.

"மிருகம்லாம் ஒண்ணுமில்லம்மா. பள்ளம்தான். நான் அளந்து பாத்துட்டேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்று பேப்பரை நீட்டினார்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வீடியோல நானே பாத்தேன் சார். நெளியுது. கண்ணால பாத்தத இல்லன்னு சொன்னா எப்டி? மொதல்ல அது பொய்யின்னு காட்டு சார், அப்பால கையெழுத்து கேளு. அது இன்னா ஏதுன்னு தெரியாம, யார் மேலயோ பழி போட்டு நான் கையெழுத்து போட மாட்டேன்."

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். சப்பைக்கட்டு. சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

அந்த ஆடி மாதம் சாரைக் குஜராத் பிளான்ட்டுக்கு மாற்றினார்கள். மண் எடுத்தவர்கள் கம்பெனிக்குப் பேசினார்கள் என்று ஒரு பேச்சு. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கடைசி நாளன்று அவர் போய் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் கருவேல மரங்களில் மஞ்சள் கறுப்பு டேப் கட்டிவிட்டுப் போனார். அதன் முன்னால் நின்று இரண்டு நாள் செல்ஃபி எடுத்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஆட்டுப்பட்டிக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வழியனுப்பு விழாவில் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தோம். என்னிடம் கை கொடுத்தபோது, "கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கிடுங்க, இன்ஸ்பெக்ஷன் லைட்டு ரொம்ப கண்ண உறுத்தும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருஷம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மனைப்பிரிவு வந்திருக்கிறது. நுழைவாயிலில் ஃபைபரில் மிருகம் செய்து வைத்திருக்கிறார்கள். பச்சைக் கண், சிவப்பு நாக்கு, திறந்த வாய். பிள்ளைகளை நாக்கில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். மனை வாங்க வருகிறவர்களுக்கு வேடிக்கை. ஊரையே ஏமாற்றிய பொய்க்குச் சிலை வைக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். போன வாரம் ஷிஃப்டு முடிந்து வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மத்தியான வெயிலில், கடை மூடிவிட்டு வந்த கோலத்தில், தூக்குவாளியோடு அக்கா அந்தச் சிலையின் முன்னால் நின்றிருந்தாள். வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, அதன் பல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி செத்து இரண்டு வருஷம் ஆகிற நாள் அது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். முழு வீடியோவையும் போட்டுச் செல்லை அவள் கையில் கொடுத்தேன்.

"இன்னாது இது?"

"நான் எடுத்ததுதாங்க்கா. இதான் முழுசு."

நாற்பது வினாடியும் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை, புதர் விலகிய இடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள்.

"டிரம்மு கீது."

"ஆமாக்கா."

"இது பைப்பு."

"ஆமா."

"அப்ப அவன எதுவும் கடிக்கல?"

"கடிக்கலக்கா. பள்ளம்தான்."

"காதுல காயம் இருந்துச்சே?"

"அது மீனுங்க. உசுரு போனதுக்கு அப்புறம்."

அக்கா சிலையின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கண்ண மூடுனா அவன் கத்தறது கேக்கும். பல்லுல மாட்டிகினு அக்கா அக்கான்னு கத்துவான். ரெண்டு வருசமா நான் தூங்கல" என்றாள். அழவில்லை. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டெய்லி எதுர்ல நின்னு துன்னுட்டு போனியேடா. எப்டிடா தொண்டையில எறங்குச்சி உனுக்கு?"

சாருடைய நம்பரைக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் பேசினாள். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மழ தொடங்கிட்டா அங்க? பள்ளத்துல தண்ணி ஏறிட்டா?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்றாள். "அப்ப ஒரு நாளும் தள்ளாதீங்கம்மா" என்றார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் வழக்கம்போல் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தட்டு வைத்தாள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. கம்பெனி மணி அடித்ததும் கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் வந்தது, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசு போறேன். கையெழுத்து நான் போடுவேன். வீடியோவ வெட்னவன் நான்தான்னு நீ உன் வாயால சொல்லணும். லீவு கெடைக்கல, ஓட்டி கீதுன்னு வந்து நிக்காத."